பன்னிரண்டில் நில்லாத முள்

ஜனவரி 6, செவ்வாய்

காலை பிரஷர் 148/94. மூன்று மாதத்துக்குத் தினமும் எழுதிக்கொண்டு வரச் சொன்னார் குடும்ப வைத்தியர். அதற்காக வாங்கிய கொப்பி இது. ஆனால் இன்றைக்கு என் பிரஷரைவிடப் பியரின் பிரஷர்தான் பெரிய தலையிடி.

கிறிஸ்மஸ் லீவில் காய்ச்சிய பியர் ஐந்து கலன், பேஸ்மென்ட் அறையில் பழைய ஃபிரிட்ஜுக்குள் உருக்குப் பீப்பாயில் இருக்கிறது. வெளியே, பியருக்குள் காஸ் ஏற்றும் காபனீரொட்சைட் சிலிண்டர். இரண்டுக்கும் நடுவில் ரெகுலேட்டர். சிலிண்டருக்குள் எண்ணூறாக இருக்கும் அழுத்தத்தைப் பன்னிரண்டாகக் குறைத்துப் பீப்பாய்க்கு அனுப்புவதுதான் அதன் ஒரே வேலை. நேற்றுப் பன்னிரண்டில் வைத்துவிட்டுப் போனேன். இன்று வேலையால் வந்து பார்த்தால் ரெகுலேட்டரின் முள் முப்பதுக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஒரு கிளாஸ் வார்த்தேன். முக்கால்வாசி நுரை.

பெப்ரவரி ஏழாம் திகதி நளாயினிக்கு ஐம்பது வயது. நாற்பது பேரைக் கூப்பிட்டிருக்கிறேன். நளாயினி பியர் குடிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

ரூபன் கட்டிலில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். நளாயினியின் தம்பி. செப்டம்பரில் ஊரில் இருந்து அகதியாக வந்தவன். என் பியர் அறையைத்தான் அவனுக்குக் கொடுத்திருக்கிறேன். கராஜில் வைத்தால் பியர் உறைந்துவிடும், அதனால் ஃபிரிட்ஜும் சிலிண்டரும் அவனோடு இருக்கின்றன.

ஜனவரி 8, வியாழன்

149/92. காஸ் கசிகிறதா என்று எல்லாக் குழாய்ப் பூட்டுகளிலும் சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பார்த்தேன். ஒரு குமிழியும் வரவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

காலையில் பனி வழித்தேன். இரண்டு தரம். முதல் தரம் வழித்து முடிய, தெரு வழிக்கும் லொறி வந்து எல்லாவற்றையும் திரும்ப வாசலில் தள்ளிவிட்டுப் போனது. முதுகு விட்டுப்போய்விட்டது.

பதினொரு மணிக்கும் ரூபன் எழும்பவில்லை. முப்பத்தெட்டு வயது ஆம்பிளை. இந்த நாட்டுக்கு வந்த முதல் மாதத்தில் நான் இரண்டு இடத்தில் வேலை செய்தேன்.

"தலையிடியாம். விடுங்கோவன்" என்றாள் நளாயினி.

"ஒவ்வொரு நாளும் தலையிடியோ?"

அவள் புட்டுக்கு மா குழைத்தாள்.

பின்னேரம் அவனோடு இருந்து பயிற்சி எடுத்தேன். பெப்ரவரி 18 அவனுடைய அகதிக் கோரிக்கை விசாரணை. ஊரில் எப்போது பிடித்துக்கொண்டு போனார்கள், எத்தனை நாள் வைத்திருந்தார்கள், யார் வந்து வெளியே எடுத்தார்கள் என்று நான் கேட்க, அவன் சொல்ல வேண்டும். எழுதிக் கொடுத்ததில் ஆவணி என்று இருக்கிறது. இன்று மாசி என்றான். திருத்தினேன். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் மாசி என்றான்.

ஜனவரி 13, செவ்வாய்

வேலையால் வந்து பார்த்தால் சிலிண்டரின் வால்வு பூட்டிக் கிடக்கிறது. நான் பூட்டவில்லை. நேற்றும் அப்படித்தான் கிடந்தது. என் மறதி என்று நினைத்துத் திறந்துவிட்டேன்.

ஜனவரி 14, புதன்

152/96. ரூபனிடம் கேட்டேன். உடனே ஒப்புக்கொண்டான்.

"படுக்கேக்க அது சீறுது அத்தான். நித்திரை வருகுதில்லை. அதான் பூட்டிப்போட்டு, காலமை திறப்பம் எண்டு நினைச்சு மறந்துபோனன்."

சீறுவது ரெகுலேட்டரின் பாதுகாப்பு வால்வு. அழுத்தம் கூடினால் மேலதிக காஸை வெளியே விடும். அதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். ஆகவே அது தன் வேலையைச் செய்கிறது என்று விளங்கப்படுத்தினேன். சிலிண்டரைப் பூட்டினால் பியருக்குள் காஸ் ஏறாது, பத்து நாளைக்காவது திறந்தபடி இருக்கவேணும் என்றும் சொன்னேன்.

"ஓம் அத்தான்."

"இனி இதில கை வைக்கக் கூடாது. விளங்குதே?"

"ஓம் அத்தான்."

கொஞ்சம் உரத்துச் சொல்லிவிட்டேன் போல. மேலே நளாயினி பாத்திரம் கழுவுவதை நிறுத்தியது கேட்டது. மறக்காமல் இருக்கட்டும் என்று சிலிண்டர் வால்வின் கைப்பிடியைச் சுற்றிச் சிவப்பு டேப் ஒட்டினேன். தொழிற்சாலையில் பழுதான மெஷினுக்கு ஒட்டுவது.

ஜனவரி 17, சனி

நல்ல நாள். ரெகுலேட்டரை முழுக்கக் கழற்றினேன். உள்ளே இறப்பர்த் தட்டு, சுருள்கம்பி, அதற்குக் கீழே சின்ன ஊசி போன்ற ஒன்று இறங்கி இருக்கும் இருக்கை. அந்த இருக்கையில் கறுப்பாக ஒரு துகள். மணலைவிடச் சிறியது. அது கிடந்தால் ஊசி சரியாக மூடாது, காஸ் கசிந்து கசிந்து அழுத்தம் ஏறிக்கொண்டே இருக்கும். துடைத்துத் திரும்பப் பூட்டினேன். இரண்டு மணித்தியாலம் முள் பன்னிரண்டில் அசையாமல் நின்றது.

இருபத்திரண்டு வருடமாகப் பிளாஸ்டிக் வார்க்கும் மெஷின்களைத் திருத்துகிறேன். புதிது வாங்குங்கோ என்று நளாயினி சொன்னபோது சிரித்தேன். உள்ளங்கை அளவு சாமானை என்னால் திருத்த ஏலாதா?

ஜனவரி 20, செவ்வாய்

முள் முப்பத்திரண்டில். சிலிண்டர் கிட்டத்தட்டக் காலி. தராசில் நிறுத்துப் பார்த்துத்தான் தெரிந்தது. கடைசித் துளி திரவம் தீரும்வரை, சிலிண்டரின் அழுத்தத்தைக் காட்டும் மற்ற முள் எண்ணூறிலேயே நின்று ஏமாற்றும்.

வேலை முடியக் கொண்டுபோய் நிரப்பினேன். வெல்டிங் காஸ் விற்கும் கடை. நிரப்பித் தருகிற கிழவர் என்னைப் பார்த்து, "இரண்டு கிழமைக்கு முன்னர்தானே வந்தாய்?" என்றார். ரெகுலேட்டரில் சின்னப் பிரச்சினை என்றேன்.

"எங்கே வைத்திருக்கிறாய்?"

"பேஸ்மென்டில்."

"அங்கே யாராவது படுக்கிறார்களா?"

இல்லை என்றேன்.

வரிசையில் பின்னால் ஆட்கள் நின்றார்கள். களைப்பாகவும் இருந்தது. வாயில் அப்படி வந்துவிட்டது.

ஜனவரி 22, வியாழன்

அரை நாள் லீவு போட்டு ரூபனைச் சட்டத்தரணி அருந்ததியிடம் கூட்டிப் போனேன். விசாரணையில் கேட்பதுபோல் அவர் கேட்டுப் பார்த்தார். ரூபன் ஆவணி என்றான், பிறகு மாசி என்றான், பிறகு தலையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கேட்டான். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ரூபன், நான் உங்களை நம்புறன். ஆனா அங்க இருக்கிறவை என்னைக் கேக்கமாட்டினம். எழுதினது ஒண்டு, வாயில வாறது ஒண்டு எண்டா, கதை பொய் எண்டு முடிவெடுத்திடுவினம். திருப்பி அனுப்பினா என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத்தான் தெரியும்."

அவன் கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பும் வழியில் நளாயினிக்கு மருந்து வாங்க ஷொப்பிங் மோலில் நின்றோம். அங்கே ஒரு வாங்கில் உட்கார்ந்து, நான் கேட்காமலே, மெதுவாக, ஒரு பிழையும் இல்லாமல் எல்லாத் திகதியும் சொன்னான். எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது சொல்ல முடிகிறது, அங்கே ஏன் முடியவில்லை?

வீட்டில் நளாயினியிடம் சொன்னேன்.

"வெளியில வந்தா நல்லாத்தானே இருக்கிறான்" என்றாள் அவள். யோசித்துக்கொண்டு சொன்னாள்.

"வேலைவெட்டி இல்லாமல் சுத்தித் திரிஞ்சா எல்லாரும் நல்லாத்தான் இருப்பினம்" என்றேன்.

நடந்ததைச் சொல்பவனுக்குத் திகதி மாறுமா? இதை அவளிடம் கேட்கவில்லை. இங்கே மட்டும் எழுதுகிறேன்.

ஜனவரி 25, ஞாயிறு

158/98. ரூபன் கோயிலுக்குப் போன நேரம் அறைக் கதவைச் சாத்திவிட்டு மூன்று மணித்தியாலம் ரெகுலேட்டரோடு மல்லுக்கட்டினேன். பீப்பாய் மூடியின் இறப்பர் வளையம் மாற்றினேன். சிலிண்டருக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவில் புது வாஷர் போட்டேன். பலன் இல்லை. மேலே ஏறி வரும்போது மூச்சு வாங்கியது, நெஞ்சு படபடவென்று அடித்தது, கண்ணுக்குப் பின்னால் இடி. அதனால்தான் 158. வயது போகிறது. ஒழுங்காக நித்திரை இல்லை.

நளாயினி கேட்டாள்: "சாம்பவியின்ர அறையில தம்பியைப் படுக்கவிட்டா என்ன?"

சாம்பவி ஒட்டாவாவில் படிக்கிறாள். வந்தால் எங்கே படுப்பாள்? கிறிஸ்மஸுக்கு நாலு நாள் நின்றாள். இனி மே மாதம் வருவாள்.

ஜனவரி 28, புதன்

மைனஸ் இருபத்துநாலு. தொழிற்சாலையில் இரண்டு மெஷின் ஒரே நேரத்தில் நின்றுபோனது.

ரூபனின் அறை ஜன்னலால் குளிர் அடிக்கிறது என்று நளாயினி சொன்னாள். ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் தாள் ஒட்டி, தலைமயிர் காயவைக்கும் மெஷினால் சூடு காட்டி இழுத்து இறுக்கினேன். கதவின் கீழ் இடைவெளிக்குத் துவாய் ஒன்றைச் சுருட்டிக் கொடுத்தேன். இப்போது ஒரு துளி காற்றும் வராது. அவனுக்கு நான் ஒன்றும் செய்வதில்லை என்று இனி ஒருவரும் சொல்ல ஏலாது.

"நன்றி அத்தான்" என்றான். முகம் ஊதியிருந்தது.

ஜனவரி 29, வியாழன்

பெரிய சிலிண்டர் வாங்கிப் பூட்டினேன். இருபது பவுண்ட். இனிக் கசிந்தாலும் ஏழாம் திகதிவரை தாங்கும்.

ஜனவரி 31, சனி

எழுதத்தான் வேண்டும்.

காலை பத்து மணி. நளாயினி இடியப்பத்துக்குக் கூப்பிட்டாள். பதில் இல்லை. என்னைப் போகச் சொன்னாள். நான் திட்டிக்கொண்டுதான் படி இறங்கினேன். கதவைத் தள்ளினேன், துவாய் தடுத்தது. பலமாகத் தள்ளித் திறந்ததும் மூக்குக்குள் ஊசி குத்தியதுபோல் எரிந்தது. சோடாவை அவசரமாகக் குடித்தால் மூக்கில் ஏறுமே, அது. பியர் புளிக்கும் வாளிக்குள் முகத்தை விட்டால் வருவது. எனக்கு அந்த எரிவு பதினைந்து வருடப் பழக்கம். அந்த நொடியே எல்லாம் தெரிந்துவிட்டது.

ரூபன் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் நிலத்தில் குப்புறக் கிடந்தான். நெற்றி உடைந்து இரத்தம். வாந்தி எடுத்திருந்தான். மூச்சை அடக்கிக்கொண்டு அவன் கக்கத்தில் கை கொடுத்து இழுத்தேன். படிவரைதான் முடிந்தது. கத்தினேன். நளாயினி ஓடி வந்து கால்களைப் பிடித்தாள். இரண்டு பேருமாகப் படியால் ஏற்றி முன்கதவைத் திறந்து வாசலில் போட்டோம். பனியில். வெறும் சாரத்தோடு கிடந்தான். பெரிதாக இழுத்து இழுத்து மூச்சு விட்டான்.

"தம்பி, தம்பி, கண்ணைத் திற அப்பு" என்று அவள் அவனுடைய கன்னத்தில் தட்டிக்கொண்டே இருந்தாள். கண்ணைத் திறந்தான். அவளை அம்மா என்று கூப்பிட்டான்.

நான் கூப்பிட்ட தீயணைப்புக்காரர்கள் காஸ் அளக்கும் மீட்டரோடு கீழே போனார்கள். கதவு திறந்து கால்மணித்தியாலம் ஆன பிறகும் காபனீரொட்சைட் நாலு சதவீதம். வழமையாகக் காற்றில் இருப்பதைப்போல் நூறு மடங்கு என்றாள் அந்தப் பெண் அதிகாரி. வீட்டில் அலாரம் இருக்கிறது, அது அடிக்கவே இல்லையே என்றேன்.

"அது வேறு வாயுவுக்கான அலாரம். இதை அதற்குத் தெரியாது" என்றாள். பிறகு, "சிவப்பு டேப் ஏன் ஒட்டியிருக்கிறது?" என்று கேட்டாள்.

நளாயினி என்னைப் பார்த்தாள்.

பெப்ரவரி 1, ஞாயிறு

தப்பிவிட்டான். ஒட்சிசன் கொடுத்திருக்கிறார்கள். நெற்றியில் ஆறு தையல். இன்னும் ஒரு மணித்தியாலம் தாமதித்திருந்தால் என்று வைத்தியர் சொல்லத் தொடங்கி, நளாயினியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கிழமைக் கணக்கான தலையிடி, குழப்பம், மறதி, காலையில் எழும்ப முடியாமை, எல்லாவற்றுக்கும் இந்தக் காஸ் காரணமாக இருக்கலாம் என்றார். நாங்கள் வெளியே கூட்டிப் போனால் தெளிகிறானா என்றும் அவராகவே கேட்டார்.

நளாயினி வெளியே தேநீர் வாங்கப் போன நேரம் நான் ரூபனிடம், "அவ்வளவு சீறுறது கேட்டும் ஏன் நீ பூட்டேல்லை?" என்று கேட்டேன். அதையும் குற்றம் சாட்டுவதுபோல்தான் கேட்டேன் என்று இப்போது தெரிகிறது.

"நீங்கள் தொடவேண்டாம் எண்டு சொன்னனீங்கள்."

"உயிர் போற அலுவலிலயுமோ?"

அவன் ஒட்சிசன் முகமூடியைக் கொஞ்சம் தூக்கினான். "தொடாதை எண்டு சொன்னா நான் தொடமாட்டன் அத்தான். அங்க உள்ளுக்க இருந்து அப்பிடிப் பழகிப்போச்சு."

பிறகு முகமூடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினான்.

பெப்ரவரி 2, திங்கள்

பிறந்தநாள் விழா இல்லை என்று நாற்பது பேருக்கும் சொன்னேன். பீப்பாயைக் கவிழ்த்து ஊற்றினேன். பிரஷர் எடுக்கவில்லை.

பெப்ரவரி 4, புதன்

ரூபன் வீட்டுக்கு வந்துவிட்டான். சாம்பவியின் அறையில் படுக்கிறான். நளாயினியே அந்த அறையை ஒழுங்குபடுத்தினாள். நான் போர்வை கொண்டுபோய்க் கொடுத்தபோது வாங்கிக்கொண்டாள். சனிக்கிழமைக்குப் பிறகு என்னோடு அவள் பேசியது, குப்பை எடுக்கும் நாள் நாளைக்கு என்பது மட்டும்தான்.

அருந்ததி தொலைபேசியில் வந்தார். விசாரணையைத் தள்ளிப்போட வைத்தியரின் கடிதம் போதும். ஆனால் முதல் நேர்காணலில் அவன் திகதிகளைக் குழப்பியது பதிவில் இருக்கிறது. அது நவம்பரில். சிலிண்டர் அப்போதும் அந்த அறையில்தான் இருந்ததா, அப்போதும் கசிந்ததா என்று கேட்டார்.

நவம்பரிலும் ஒருதரம் மூன்றே கிழமையில் காலியானது. அப்போது பெரிதாக எடுக்கவில்லை. ஆம் என்றேன்.

"அப்ப உங்களிட்ட இருந்து ஒரு சத்தியக் கடதாசி வேணும். நடந்தது முழுக்க. உங்களுக்கு எப்ப என்ன தெரியும் எண்டு."

பெப்ரவரி 9, திங்கள்

எழுதினேன். ஒரு பக்கம். பழுதான ரெகுலேட்டர் காரணமாகக் காஸ் கசிந்தது. அறையில் காற்றோட்டம் போதவில்லை. ஆபத்து உணரப்படவில்லை. அருந்ததிக்கு அனுப்புவதற்கு முன்னர் நளாயினியிடம் கொடுத்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு நின்றபடியே வாசித்தாள்.

"இதில நீங்கள் எங்க?" என்றாள்.

"என்ன?"

"ரெகுலேட்டர் கிடக்கு. காஸ் கிடக்கு. காத்தோட்டம் கிடக்கு. நீங்கள் எங்க?"

கடதாசியை மேசையில் வைத்துவிட்டு முதியோர் இல்லத்துச் சமையல் வேலைக்குப் போய்விட்டாள்.

பெப்ரவரி 10, செவ்வாய்

லீவு போட்டேன். இந்தக் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு திகதி திகதியாகத் திரும்ப எழுதினேன். கசிவது எனக்குத் தெரியும். அவன் பூட்டினான், நான் திறந்தேன். இனித் தொடக்கூடாது என்று சத்தம் போட்டு, டேப் ஒட்டினேன். ஜன்னலை அடைத்தேன். மேலே ஓர் அறை சும்மா இருந்தது. அங்கே யாராவது படுக்கிறார்களா என்று காஸ் கடையில் கேட்டார்கள். இல்லை என்று பொய் சொன்னேன். அவன் சொல்வது பொய் என்று நினைத்தேன்.

நாலு பக்கம் வந்தது. நளாயினி வேலையால் வந்து, கோட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்து வாசித்தாள். கடை விஷயம் வந்த இடத்தில் நிறுத்தி, அந்தப் பக்கத்தையே கனநேரம் பார்த்தாள். அது அவளுக்கு இதுவரை தெரியாது.

முடித்ததும், "அனுப்புங்கோ" என்றாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அழுகிற சத்தம் கேட்டது. நான் போகவில்லை. போயிருக்க வேண்டுமோ தெரியாது.

பெப்ரவரி 18, புதன்

விசாரணை தள்ளிப்போடப்பட்டது. 141/90.

மார்ச் 24, செவ்வாய்

இன்று விசாரணை. தேவைப்பட்டால் சாட்சி சொல்ல என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். கூப்பிட்டார்கள். நீங்கள்தானே இந்தச் சத்தியக் கடதாசியை எழுதியது என்று கேட்டார் விசாரணை நடத்திய சபை உறுப்பினர். ஆம் என்றேன். ஜனவரி இருபதாம் திகதி காஸ் கடையில் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டார்.

"உண்மையைச் சொன்னா நான் ஏதாவது செய்யவேண்டி வந்திருக்கும்" என்றேன். மொழிபெயர்ப்பாளர் என்னை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் அதைச் சொன்னார்.

பிறகு ரூபன் பேசினான். ஆவணி. பதினொரு நாள். மாசியில் திரும்ப வந்தார்கள். இரண்டு மாதமும் உண்மை. இரண்டு தரம் பிடித்திருக்கிறார்கள். இரண்டாவதைப் பற்றி எழுதிக் கொடுக்க அவனுக்கு வெட்கமாக இருந்திருக்கிறது. அங்கே என்ன செய்தார்கள் என்று சொன்னான். அதை இங்கே எழுதமாட்டேன். அவனுடைய அக்காவுக்கு இன்றுவரை தெரியாததை, அவள் பக்கத்தில் இருக்கும்போது சொன்னான். நளாயினி சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு இருந்தாள்.

குழப்பம் எல்லாம் காஸால் வந்ததில்லை. அவன் மாசி, மாசி என்றபோது நான் ஆவணி என்று திருத்தியதெல்லாம் அவன் சொல்ல முயன்ற இடம்.

பின்னேரம் மூன்று மணிக்குக் கோரிக்கையை ஏற்றுக்கொண்டதாக அங்கேயே சொன்னார்கள். அருந்ததி அவனுக்குக் கை கொடுத்தார். அவன் எனக்குக் கை தர வந்தான். நான் கையை நீட்டத் தாமதித்ததை வேறுவிதமாக நினைத்திருப்பானோ என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு கார் ஓட்டினேன்.

மார்ச் 26, வியாழன்

நளாயினி சாப்பாடு போடும்போது, "இன்னும் கொஞ்சம் விடட்டோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். வயிறு நிரம்பித்தான் இருந்தது.

ஏப்ரல் 5, ஞாயிறு

ரூபன் போய்விட்டான். மார்க்கம் நகரில் மரச்சாமான் செய்யும் இடம் ஒன்றில் வேலை. அங்கே வேலை செய்யும் இரண்டு பெடியன்களோடு மூன்றாம் மாடியில் வீடு. இங்கேயே இருக்கச் சொல்லி நளாயினி எவ்வளவோ கேட்டாள். "பக்கத்திலதானே அக்கா" என்றான்.

நான்தான் சாமான்களை ஏற்றிக் கொண்டுபோனேன். ஒரு சூட்கேஸ், ஒரு மெத்தை, நளாயினி கட்டிக் கொடுத்த மிளகாய்த்தூள். மற்ற இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். அறையில் ஒரே ஒரு கதிரை. அதில் என்னை இருக்கச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்தான். அவன் மெத்தையில் இருந்தான். நெற்றித் தழும்பு இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது.

சத்தியக் கடதாசியில் எழுதிவிட்டேன். உறுப்பினர் முன்னால் சொல்லிவிட்டேன். அவனிடம் மட்டும் சொல்லவில்லை. இரண்டு மாதமாகச் சொல்லவில்லை.

"ரூபன்," என்றேன், "நான் உனக்குச் செய்தது பிழை. மன்னிச்சுக்கொள்."

அவன் கோப்பையைக் கையில் உருட்டிக்கொண்டு இருந்தான். கீழே தெருவில் பஸ் ஒன்று வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

"தேத்தண்ணி ஆறுது அத்தான்" என்றான். "குடியுங்கோ."

குடித்தேன்.